கறுப்புப் பூனையின் மகாராணி: ஹோசே சாரியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தன்பாலீர்ப்பினர் உரிமைப் போராட்டம் என்றால் நியூயார்க் பார் ஒன்றில் போலீஸை எதிர்த்து வெடித்த 1969 ஸ்டோன்வால் கலவரம், அதன்பின் சான்பிரான்சிஸ்கோ அரசியல்வாதி ஹார்வி மில்க் என்று இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டுக்கும் முன்பே சான்பிரான்சிஸ்கோவில் சிவப்பு ஹை ஹீல்ஸ் மாட்டிக்கொண்டு பாரில் சரக்கு பரிமாறியபடி பாட்டுப் பாடிய குள்ளமான மனிதர் ஒருவர் தேர்தலிலும் நின்றார். அவரைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

யார் இந்த ஹோசே சாரியா?

சான்பிரான்சிஸ்கோவில் 1922 டிசம்பரில் பிறந்தவர். அம்மா கொலம்பியாவிலிருந்து வந்தவர், அப்பாவுக்கு நிகரகுவா பூர்வீகம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவத்தில் இருந்தார். 1950-களில் அந்த ஊரின் ‘பிளாக் கேட்’ (கறுப்புப் பூனை) என்ற பாரில் பெண்வேடமிட்டுப் பாடிப் பெயர் வாங்கினார். 1961-ல் அந்த மாநகரத்தின் தேர்தலில் போட்டியிட்டார். தான் தன்பாலீர்ப்பினர் என்பதை மறைக்காமல் அமெரிக்காவில் அரசுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் ஆள் அவர்தான். 2013 ஆகஸ்ட் 19 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தில் 90 வயதில் காலமானார்.

அவர் திருநங்கையா?

இல்லை. மேடையில் பெண்ணாக வந்தவர், மற்ற நேரத்தில் ஆணாகவே வாழ்ந்தார். டிராக் என்பது வேடம் கட்டும் கலை. நம் நாடக மேடையில் ஸ்திரீபார்ட் கட்டியவர்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி வேறு. ஸ்திரீபார்ட் நடிகர் தான் ஆண் என்பது சபைக்கு மறந்துபோக வேண்டும் என்று உழைப்பார். சாரியாவுக்கு அது மறக்கவே கூடாது. பெண் உடையும் ஆண் குரலும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில்தான் அவர் நையாண்டியே பிறந்தது.

திருநர் சமூகத்தாரும் டிராக் மேடைக்கு வந்ததுண்டு, வருகிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பின்னாளில் இளையவர்கள் அவரை ‘அம்மா ஹோசே’ என்று கூப்பிட்டார்கள். அது பாசத்தில் வந்த பெயர்.

படைவீரராக இருந்தவர் எப்படி மேடைக்கு வந்தார்?

விரும்பி வரவில்லை, தள்ளப்பட்டு வந்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். முறைப்படி பார்த்தால் இராணுவம் அவரைச் சேர்த்திருக்கவே கூடாது. எப்படியோ நுழைந்து ஐரோப்பாவுக்குப் போய், ஜெர்மனியில் அதிகாரிகளின் உணவுக்கூடத்தை நடத்தி, ஸ்டாஃப் சார்ஜன்ட் பதவியோடு 1947-ல் ஊர் திரும்பினார். பிறகு ஆசிரியர் வேலைக்குப் படித்தார்.

அப்போதுதான் இடி விழுந்தது. யூனியன் சதுக்கத்தை ஒட்டிய பெரிய ஓட்டல் ஒன்றின் ஆண்கள் கழிப்பறையில், ஆண்களை உறவுக்கு அழைத்தார் என்று போலீஸ் பிடித்தது. நீதிமன்றம் அபராதம் போட்டது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு வழக்கு பெயரில் ஏறிவிட்டால் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்க முடியாது. படிப்பு பாழாயிற்று. அவருடைய காதலர் ஏற்கெனவே பிளாக் கேட்டில் பரிமாறுபவராக இருந்தார். அவருக்குப் பதிலாக அவ்வப்போது போய் நின்ற சாரியா அங்கேயே தங்கிவிட்டார்.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் இந்த வழக்கை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அவர் செய்த ஒவ்வொன்றும் இந்த அபராதச் சீட்டுக்கு எழுதிய பதிலாகத்தான் தெரிகிறது.

பிளாக் கேட் எப்படிப்பட்ட இடம்?

மாண்ட்கோமரி தெரு 710-ஆம் எண். ஓவியர்கள், கவிஞர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், தன்பாலீர்ப்பினர் என்று எல்லோரும் வந்துபோன பார். அதன் உரிமையாளர் சால் ஸ்டௌமன் தன்பாலீர்ப்பினர் அல்ல. ஆனால் வருகிறவர்களை யாரென்று பிரித்துப் பார்க்காதவர். ‘இது ஓரினச்சேர்க்கையாளர் கூடும் இடம்’ என்று சொல்லி மாநில அதிகாரிகள் மதுபான உரிமத்தை முடக்கியபோது அவர் கோர்ட்டுக்குப் போனார். 1951-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: இப்படிப்பட்டவர்கள் வந்து போகிறார்கள் என்பது மட்டுமே உரிமத்தை நிறுத்தக் காரணமாகாது, அங்கே சட்டவிரோதமான செயல் நடந்ததாகக் காட்ட வேண்டும்.

தன்பாலீர்ப்பினர் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து குடிக்கலாம் என்று ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். போலீஸ் சும்மா இருக்குமா? ‘செயல்’ நடந்ததாகக் காட்ட மஃப்டியில் ஆட்களை அனுப்ப ஆரம்பித்தது.

மேடையில் அவர் என்னதான் செய்தார்?

மேடை என்று தனியாக ஒன்று இல்லை. மேசைகளை ஒட்டிப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். பியானோ ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஓபரா என்ற இசை நாடகம் நடக்கும். எல்லாப் பாத்திரங்களும் அவரே. இத்தாலிய, பிரெஞ்சு ஓபராக்களை எடுத்துக்கொண்டு கதையைச் சான்பிரான்சிஸ்கோவுக்கு இடம் மாற்றிவிடுவார். ‘கார்மென்’ ஓபராவின் நாயகி ஸ்பெயின் ஜிப்சிப் பெண். அவருடைய கார்மென் அப்படி இல்லை. யூனியன் சதுக்கத்துப் புதர்களுக்குள் போலீஸ் கண்ணில் படாமல் ஓடி ஒளியும் ஆள். தான் பிடிபட்ட ஓட்டலுக்குப் பக்கத்துச் சதுக்கத்தையே கதைக்களமாக வைத்துக்கொண்ட துணிச்சலைக் கவனியுங்கள்.

பாட்டுக்கு நடுவே அன்றைய செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஊர் விவகாரம் பேசுவார். எந்தப் பூங்காவில் போலீஸ் சுற்றுகிறது என்று எச்சரிப்பார். கூட்டத்தில் மஃப்டி போலீஸ் உட்கார்ந்திருந்தால் அடையாளம் காட்டி, எல்லோரும் வணக்கம் சொல்லுங்கள் என்கிற பாணியில் வரவேற்பார். பயமுறுத்த வந்தவன் சிரிப்புக்கு ஆளாகித் திரும்ப வேண்டியதுதான். ‘மாண்ட்கோமரி தெருவின் நைட்டிங்கேல்’ (நைட்டிங்கேல் இனிமையாகப் பாடும் ஒரு பறவை) என்ற பட்டம் இப்படிச் சேர்ந்ததுதான்.

அந்தக் கடைசிப் பாட்டு எது?

பார் மூடும் நேரம் எல்லோரையும் கைகோத்து நிற்கவைத்து, அன்றைய பிரிட்டிஷ் தேசிய கீதமான ‘காட் சேவ் த குவீன்’ மெட்டில் ‘காட் சேவ் அஸ் நெல்லி குவீன்ஸ்’ என்று பாடவைப்பார். நெல்லி என்பது பெண்மைச் சாயல் உள்ள ஆண்களைக் குத்தப் பயன்பட்ட வசவு. அதற்கு ஈடான சொற்கள் தமிழிலும் உண்டு, பள்ளிக்கூட மைதானத்திலேயே காதில் விழுந்துவிடும், இங்கே எழுத வேண்டாம். அந்த வசவை எடுத்து, ஒரு நாட்டின் கீதத்துக்குள் வைத்து, எழுந்து நின்று மரியாதையோடு பாடவைத்தார். சில இரவுகளில் கூட்டத்தைத் தெருவுக்கே அழைத்துப் போய், எதிரே லாக்கப்பில் கிடந்தவர்களுக்குக் கேட்கும்படி பாடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்ற ஜார்ஜ் மெண்டன்ஹால் என்ற பத்திரிகையாளர் 1977-ல் வந்த ‘வேர்ட் இஸ் அவுட்’ ஆவணப்படத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் தொண்டை அடைத்துப்போகிறார்.

‘குற்றத்தை ஒப்புக்கொள்ளாதே’ என்று அவர் சொன்னதாகப் படித்தேன். அது என்ன?

என்னைக் கேட்டால் சாரியா செய்த வேலைகளில் பெரியது இதுதான். அன்று நடந்தது இப்படி: பாரில் ரெய்டு வரும், அல்லது மஃப்டி போலீஸ் ஒருவர் ஆசை காட்டிப் பேசி, பதில் வந்ததும் கைது செய்வார். பிடிபட்டவருக்கு ஒரே பயம், விஷயம் வெளியே தெரியக் கூடாது. பெயரையும் வேலை பார்க்கும் இடத்தையும் பத்திரிகைகள் அச்சிட்டுவிடும். அதனால் கோர்ட்டில் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டுத் தலைகுனிந்து போய்விடுவார்கள். போலீஸுக்கு ஆதாரம் தேடும் வேலையே இல்லை. கைது, ஒப்புதல், அபராதம் என்று மாவு மில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

சாரியா அந்த மில்லில் கல்லைப் போட்டார். ஒப்புக்கொள்ளாதே, ஜூரி விசாரணை கேள் என்று மேசைமேல் நின்று சொன்னார். ஒவ்வொரு சின்ன வழக்குக்கும் பன்னிரண்டு பேரைக் கூட்டி விசாரணை நடத்துவதென்றால் கோர்ட் தாங்குமா? வழக்குகள் தேங்கின. நீதிபதிகள் போலீஸிடம் உண்மையான சாட்சியம் கேட்கத் தொடங்கினார்கள். ஒன்றுபட்டால் நிற்போம், பிரிந்தால் நம்மை ஒவ்வொருவராகப் பிடிப்பார்கள் என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். அதில் ‘பிடிப்பார்கள்’ என்பதை அப்படியே போலீஸ் என்று படிக்க வேண்டும்.

‘நான் ஒரு பையன்’ என்ற சீட்டு எதற்கு?

சான்பிரான்சிஸ்கோவில் 1863 முதல் ஒரு நகரச் சட்டம் இருந்தது. தன் பாலினத்துக்கு உரியதல்லாத உடையில் பொது இடத்தில் வரக் கூடாது என்பது அதன் சாரம். ஆளுக்கொரு வேடமிட்டுக் கொண்டாடும் அக்டோபர் 31 பண்டிகையான ஹாலோவீன் ஓர் இரவு மட்டும் போலீஸ் கண்டுகொள்ளாது. ஆனால் நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் பண்டிகை முடிந்தது என்று சொல்லி, தெருவில் பெண்வேடத்தில் இருப்பவர்களை வேனில் ஏற்றும். ஏமாற்றும் நோக்கத்தோடு வேடமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

ஏமாற்றும் நோக்கம்தானே? சாரியா கறுப்புப் பூனைத் தலை வடிவத்தில் சீட்டுகள் செய்து ‘நான் ஒரு பையன்’ என்று எழுதி வேடமிட்டவர்களுக்குக் கொடுத்தார். போலீஸ் மறித்தால் அதைத் திருப்பிக் காட்டு. ஆண் என்று எழுதி ஒட்டிக்கொண்டு நிற்பவன் யாரை ஏமாற்றினான்? இந்தத் தந்திரம் அந்த ஹாலோவீன் கைதுகளின் பல்லைப் பிடுங்கியது. சட்டம் அதிகாரப்பூர்வமாக நீக்கப்பட்டது 1974-ல்தான்.

1961 தேர்தலில் ஏன் நின்றார்? ஜெயிக்கும் நம்பிக்கை இருந்ததா?

ஜெயிக்க நிற்கவில்லை. எண்ணிக் காட்டத்தான் நின்றார்.

அந்த ஆண்டுகளின் சூழலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1959 மேயர் தேர்தலில் ரஸ்ஸல் வோல்டன் என்ற வேட்பாளர், மேயர் ஜார்ஜ் கிறிஸ்டஃபர் ஊரை ஓரினச்சேர்க்கையாளரின் தலைமையகமாக்கிவிட்டார் என்று குற்றம் சாட்டினார். அந்த வாதம் எடுபடவில்லை, வோல்டன் தோற்றார். ஆனால் அதற்குப் பிறகு, ‘நாங்கள் அப்படி இல்லை’ என்று காட்டவே போலீஸ் கெடுபிடி ஏறியது. மாமூல் கேட்ட போலீஸ்காரர்களைப் பார் உரிமையாளர்கள் 1960-ல் காட்டிக்கொடுத்ததும் இன்னும் மோசமானது. 1961 செப்டம்பரில் டே-புஷ் இன் என்ற இடத்தில் ஒரே ரெய்டில் 103 பேரைப் பிடித்தார்கள். கிட்டத்தட்ட எல்லோர் மேலிருந்த வழக்கும் பிறகு தள்ளுபடியானது. ஆனால் பெயர்கள் ஏற்கெனவே பத்திரிகையில் வந்துவிட்டன.

இந்த நேரத்தில்தான் ‘போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ்’ என்ற மாநகர அவைக்குச் சாரியா மனுப் போட்டார். நம்மூர்க் கவுன்சில் மாதிரி, ஆனால் அதிகாரம் அதிகம். மனுவில் கையெழுத்துப் போட 25 பேரைத் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். பாரில் நூறு பேர் கைதட்டுவார்கள், காகிதத்தில் பெயர் எழுதச் சொன்னால் கை நடுங்கும். தேர்தல் படத்துக்குக் கோட்டு சூட்டு டை கட்டிக்கொண்டு நின்றார். பெண்வேடம் கட்டியே பழகியவருக்கு அதுதான் வேடமாகப் பட்டிருக்கும்.

எத்தனை வாக்கு வாங்கினார்?

ஏறத்தாழ 6,000. ஐந்து இடங்களுக்கு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நின்ற தேர்தலில் ஒன்பதாவதாக வந்தார்.

மனுத்தாக்கலின் கடைசி நாளில் போதுமான வேட்பாளர் இல்லை, விட்டால் இந்த ஆள் உள்ளே வந்துவிடுவார் என்று நகரப் பெரியவர்கள் பதறிப்போய்ப் பலரை அவசரமாக மனுப் போடவைத்தார்கள் என்றொரு கதை உண்டு. சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முக்கியம் அந்த ஆறாயிரம்தான். வாக்குச்சாவடியின் திரைக்குப் பின்னால் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. மனுவில் 25 பெயர் எளிதில் கிடைக்காத ஊரில் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் விழுந்தது. அதன்பிறகு இந்தச் சமூகத்தின் கதவைத் தட்டாமல் சான்பிரான்சிஸ்கோவில் யாரும் தேர்தலில் நிற்கவில்லை என்று சாரியா சொல்லிக்கொள்வார். கொஞ்சம் பீற்றல்தான். ஆனால் பொய் என்று சொல்லிவிட முடியாது.

ஹார்வி மில்க்குக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1973-ல் மில்க் முதல்முறை அதே அவைக்கு நின்றபோது, ஊரில் ஏற்கெனவே இருந்த தன்பாலீர்ப்பின அரசியல் புள்ளிகள் பலர் ‘நேற்று வந்தவன்’ என்று அவரை ஒதுக்கினார்கள். சாரியா வெளிப்படையாக ஆதரித்தார். தோற்றுத் தோற்று, 1977-ல் தொகுதிவாரித் தேர்தல் முறை வந்தபிறகு மில்க் ஜெயித்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் நகர மன்றக் கட்டடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிளாக் கேட் என்ன ஆயிற்று?

கலிபோர்னியா மதுபானக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் விடாப்பிடியாகத் துரத்தி 1963 அக்டோபர் 30 அன்று உரிமத்தைப் பறித்தார்கள். மறுநாள் ஹாலோவீன், அங்கே ஆண்டின் பெரிய இரவு. சரக்கு இல்லாமல், குளிர்பானமும் சாப்பாடும் மட்டும் வைத்து அந்த இரவைக் கொண்டாடினார்கள். 1964 தொடக்கத்தில் பார் மூடப்பட்டது.

ஆனால் அதற்குள் அமைப்புகள் முளைத்துவிட்டன. தன்பாலீர்ப்பினர் பார்களின் உரிமையாளர்களும் ஊழியர்களும் 1962-ல் ‘டேவர்ன் கில்ட்’ என்ற சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். கைதானவர்களுக்கு வக்கீலும் ஜாமீன் பணமும் ஏற்பாடு செய்வது அதன் வேலைகளில் ஒன்று. 1964-ல் ‘தனிமனித உரிமைகள் சங்கம்’ உருவானது, அதிலும் சாரியாவின் கை உண்டு.

‘நார்ட்டனின் விதவை’ என்று தன்னை ஏன் அழைத்துக்கொண்டார்? நார்ட்டன் யார்?

இதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும். ஜோஷுவா நார்ட்டன் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வியாபாரி. சீனாவிலிருந்து அரிசி வருவது நின்று விலை ஏறியிருந்த நேரத்தில், பெருவிலிருந்து வந்த ஒரு கப்பல் அரிசியை மொத்தமாக வாங்கினார். அடுத்தடுத்து இன்னும் பல கப்பல்கள் அரிசியோடு வந்து இறங்கின. விலை சரிந்தது, மனிதர் திவாலானார். சில ஆண்டுகள் கழித்து, 1859-ல், தன்னை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேரரசர் என்று பத்திரிகையில் அறிவித்துக்கொண்டார். ஊர் அவரை விரட்டவில்லை. தன் பெயரில் அவர் அச்சடித்த நோட்டுகளைக் கடைகளில் சில இடங்களில் வாங்கிக்கொண்டார்கள், சீருடையில் அவர் நடந்துவந்தால் வணக்கம் வைத்தார்கள். 1880-ல் இறந்தார்.

1960-களின் நடுவில் டேவர்ன் கில்ட் நடத்திய நடன விழாவில் சாரியாவுக்கு ‘ராணி’ பட்டம் கொடுத்தார்கள். ராணியாகத்தான் நான் எப்போதும் இருக்கிறேனே, இனிமேல் பேரரசி என்று சொல்லி, ‘சான்பிரான்சிஸ்கோவின் பேரரசி முதலாம் ஹோசே, நார்ட்டனின் விதவை’ என்று தானே முடிசூட்டிக்கொண்டார். பைத்தியக்காரன் ஒருவனைப் பேரரசனாக ஏற்றுக்கொண்ட ஊர், பெண்வேடம் கட்டிய ஒருவரை ஏற்காமல் போகுமா என்ற கேள்வி அந்தப் பட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இம்பீரியல் கோர்ட் (பேரரச சபை) என்ற அமைப்பு அதுதானா?

ஆம். 1965-ல் அந்த விளையாட்டிலிருந்து பிறந்தது. ஆண்டுதோறும் பேரரசரையும் பேரரசியையும் தேர்ந்தெடுப்பார்கள், முடிசூட்டு விழா நடக்கும், கிரீடமும் அங்கியுமாகக் கண்ணைப் பறிக்கும். ஆட்சி என்பது ஒரு வருடம் நன்கொடை திரட்டுவது. எய்ட்ஸ் பரவிய 1980-களில் நோயாளிகளைப் பார்க்கக் குடும்பமே வராத நேரத்தில் இந்தப் ‘பேரரசிகள்’ உண்டியல் குலுக்கினார்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் வளர்ந்தன. 2007-ல் சாரியா தலைமைப் பொறுப்பை நிக்கோல் மர்ரே-ராமிரெஸிடம் ஒப்படைத்தார்.

சொந்தச் சமூகத்திலேயே அவரை எதிர்த்தவர்கள் உண்டா?

நிறைய. 1950-களில் இயங்கிய மட்டாஷின் சங்கம் போன்றவை கோட்டு போட்டு, குரலைத் தாழ்த்தி, நாங்களும் உங்களைப் போல ஒழுக்கமானவர்கள்தான் என்று சமூகத்துக்குப் புரியவைக்கும் வழியை நம்பின. அவர்கள் பார்வையில் சாரியா மானத்தை வாங்குகிறவர். 1970-களில் வந்த இளைய போராளிகளில் சிலருக்கோ கிரீடமும் பட்டமும் பழைய காலத்துக் கூத்தாகப் பட்டது. குடிக்கும் இடத்தைச் சுற்றியே ஒரு சமூகம் கட்டப்பட்டதன் விலை என்ன என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் 1950-களில் பாரை விட்டால் கூடுவதற்கு வேறு எந்த இடம் இருந்தது?

மட்டாஷின் வழியை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. அவர்களும் வேலையைப் பணயம் வைத்தவர்கள்தான். ஆனால் வேலையை ஏற்கெனவே பறிகொடுத்துவிட்ட ஒருவருக்கு, குரலைத் தாழ்த்தக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

டிராக் மீதான சட்டத் தடைகள் இன்று போய்விட்டனவா?

கலிபோர்னியாவில் தன்பாலுறவு குற்றமல்ல என்று சட்டம் மாறியது 1975-ல், நடைமுறைக்கு வந்தது 1976-ல். பழைய உடைச் சட்டங்களும் பெரும்பாலும் போயின. ஆனால் 2023-ல் டென்னசி மாநிலம் பொது இடங்களில் டிராக் நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூனில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார். 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதைத் தொடுக்கும் தகுதி இல்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

சினிமாவில் அவரைப் பார்க்க முடியுமா?

1995-ல் வந்த ‘டு வாங் ஃபூ’ படத்தில் கொஞ்ச நேரம் தலைகாட்டுவார். கண் சிமிட்டினால் தவறிவிடும்.

சான்பிரான்சிஸ்கோ போனால் அவர் நினைவாக எதைப் பார்க்கலாம்?

மாண்ட்கோமரி தெரு 710-க்குப் போகலாம், பார் இருந்த இடம். காஸ்ட்ரோ பகுதியில் 16-ஆம் தெருவின் ஒரு துண்டுக்கு 2006-ல் ‘ஹோசே சாரியா கோர்ட்’ (கோர்ட் என்றால் இங்கே சிறு தெரு) என்று பெயர் வைத்தார்கள். ஹார்வி மில்க் பெயரைத் தாங்கிய பொது நூலகக் கிளை அங்கேதான் இருக்கிறது, முகவரி எண் 1. ஆசிரியராக விடாத ஊர், பிள்ளைகள் புத்தகம் வாங்க வரும் வாசலில் அவர் பெயரை எழுதியிருக்கிறது.

பிறகு ஊருக்குத் தெற்கே கோல்மா. கல்லறைகளால் ஆன ஊர் அது. அங்கே வுட்லான் மயானத்தில் பேரரசர் நார்ட்டனின் சமாதி இருக்கிறது. சாரியா தன் கூட்டத்தோடு ஆண்டுதோறும் அங்கே ஊர்வலமாகப் போய், கறுப்பு உடையில், இறந்து தொண்ணூறு வருடம் தாண்டிய ‘கணவருக்கு’ விதவையாக நின்று அழுது, எல்லோரையும் சிரிக்கவைத்துத் திரும்புவார். பக்கத்திலேயே தனக்கும் இடம் வாங்கிக் கல்லும் நட்டு வைத்திருந்தார். 2013 செப்டம்பரில் கிரேஸ் பேராலயத்தில், கிரீடமும் கறுப்பு முகத்திரையுமாக வந்த பேரரசிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்க, இறுதி வழிபாடு நடந்தது. அங்கிருந்து கோல்மாவுக்குக் கொண்டுபோய், நார்ட்டனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.